மாதமும் மணலும்: குருசுக்குப்பத்திலிருந்து ஒரு தேனிலவுப் பயணம்

புதுச்சேரி நகரின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புக்கு வடக்கே கடலையொட்டி அமைந்துள்ள குருசுக்குப்பத்தில் 2016ஆம் ஆண்டு ஆவணி மாதம் நடந்த ஒரு திருமணத்தையும், அதனைத் தொடர்ந்து மணமக்கள் மேற்கொண்ட நெடுந்தொலைவுத் தேனிலவுப் பயணம் திட்டமிடப்பட்ட முறையையும் இக்கட்டுரை நினைவிலிருந்து பதிவுசெய்கிறது. மணமகன் அவ்வூர் மீனவக் குடும்பம் ஒன்றில் பிறந்த இந்தியக் குடிமகன். மணமகள் அதே நகரில் பிறந்து வளர்ந்து, பாட்டனார் வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். கட்டுரையாளர் மணமகன் வீட்டுக்கு நெருங்கிய உறவினர் என்பதால், பயணம் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலானவற்றை உடனிருந்து கேட்டவர். தீவு விடுதி ஒன்றைத் தேர்வது விளம்பரப் படங்களைக் கொண்டு முடிவுசெய்யப்படும் செயலாகப் பலருக்கு இருக்கிறது. தம் தெருவுக்கு முன்னால் இருந்த மணற்கரையை ஒரே தலைமுறையில் இழந்த மக்களுக்கோ அது வேறு வகையான ஆராய்ச்சியாக அமைந்தது என்பதே இந்நினைவை எழுதத் தூண்டிய காரணமாகும்.

தேனிலவு, அதாவது மணமுடித்த இருவர் சுற்றத்தாரை விட்டுத் தனித்துச் செல்லும் முதல் பயணம், இக்கரையில் நெடுங்காலப் பழக்கமன்று. மறுவீடு, உறவினர் வீட்டு விருந்து, வேண்டுதல் இருப்பின் திருப்பதிக்கோ வேளாங்கண்ணிக்கோ ஒரு பயணம் என்பதே முந்தைய தலைமுறையின் வழக்கமாக இருந்தது. பின்னர் ஊட்டியும் கொடைக்கானலும் அவ்வரிசையில் சேர்ந்தன. கடல் கடந்த தீவுகள் அதற்கும் பிந்தியவை. ஆகவே, மணமக்கள் ஒரு வெப்பமண்டலத் தீவுக்குச் செல்ல விரும்புவதாகக் கூறியபோது, மணமகனின் ஆயா, "மணலைப் பாக்கவா அவ்ளோ தூரம் போறீங்க? நம்ம தெரு முன்னாடியே கெடந்ததுதானே?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கப்பட்ட கேள்வியன்று அது. அவர் தம் இளமையில் வலை உலர்த்திய இடம், இன்று கருங்கல் பாறைகள் அடுக்கப்பட்ட கரையாக இருப்பதை நினைந்து கேட்டது.

அக்கேள்விக்குரிய பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியும் மணலைக் கொண்டுசெல்கிறது. முன்னதைத் தெண்டி என்றும் பின்னதை வன்னி என்றும் இக்கரை மீனவர் குறிப்பிடுவர். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. தென்பெண்ணை, கெடிலம் முதலிய ஆறுகள் கடலில் சேர்க்கும் மணல் இவ்வாறு ஒவ்வோர் ஊரின் கரையிலும் தங்கித் தங்கி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டபோது இந்நகர்வு தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது; வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தது. தேங்கும் மணலைக் குழாய்வழி வடபுறத்துக்குச் செலுத்தும் ஏற்பாடு அத்துறைமுகத் திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தும், அது போதிய அளவில் நடைபெறவில்லை. கரையைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. பாறைகள் கொட்டப்பட்ட இடத்துக்கு அடுத்த வடபகுதி அரிக்கப்பட்டது. அங்கும் பாறைகள் கொட்டப்பட்டன. இவ்வாறு அரிப்பும் பாறையும் ஒன்றையொன்று தொடர்ந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள மீனவ ஊர்களையும் எட்டின. 2004 ஆழிப்பேரலையின்போது நகரின் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டதற்கு இப்பாறைச் சுவரும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கட்டுமரம் ஏற்றவும் கரைவலை இழுக்கவும் இடமில்லாமற்போனது மீனவரின் இழப்பே. படகுகள் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கும் மணல் எஞ்சியிருந்த பிற கரைகளுக்கும் மாறின.

இத்தகைய ஊரில் பிறந்த மணமகன், எந்தத் தீவைப் பற்றிப் படித்தாலும் முதலில் கேட்ட கேள்வி, அத்தீவின் மணல் எங்கிருந்து வருகிறது என்பதாகும். அறையின் பரப்பும் நீச்சல்குளமும் அவருக்குப் பின்னாலேயே வந்தன. வெப்பமண்டலத் தீவுகளின் வெண்மணல் ஆறுகள் கொண்டுவருவதன்று; அது பெரும்பாலும் பவளப்பாறைகளின் பொடி. பவளத்தின் மேல் படரும் பாசியைக் கிளிமீன்கள் கொறிக்கும்போது பவளச் சுண்ணாம்பும் உடைந்து அவற்றின் வயிற்றில் அரைபட்டு மணலாக வெளியேறுகிறது. அலையும் சிப்பிகளும் எஞ்சிய பங்கைச் செய்கின்றன. ஆகவே, பவளம் உயிரோடு இருக்கும் வரையில்தான் அத்தகைய கரைக்கு மணல் வரவு உண்டு. அலையை முறிப்பதும் அதே பவளத்திட்டுதான். அதற்கும் கரைக்கும் இடையே அமைதியாகக் கிடக்கும் ஆழமற்ற உட்கடலையே விடுதிகளின் விளம்பரங்கள் லகூன் என்று குறிப்பிடுகின்றன. குருசுக்குப்பத்தில் மனிதர் கல்லால் செய்ய முயன்றதை அத்தீவுகளில் ஓர் உயிரினம் செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்ததும், ஆயாவுக்கே இப்பயணத்தின்மீது ஆர்வம் பிறந்தது.

தீவுகளோ இவ்வூர்க் கரைக்குப் புதியவை அல்ல. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் 1735இல் மொரீஷியசின் ஆளுநராகப் பொறுப்பேற்ற மாஹே தெ லா பூர்தொனே, போர்ட் லூயி நகரைக் கட்டியெழுப்பப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். அவரே 1746இல் கப்பற்படையுடன் புதுச்சேரிக்கு வந்து, பின் சென்னையைக் கைப்பற்றி, அதன் பொருட்டுப் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயுடன் பகைகொண்டவர். அடிமைமுறை 1848இல் ஒழிக்கப்பட்டபின், ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். 1853 முதல் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலுள்ள மார்த்தினிக் தீவுக்கும் இக்கரையிலிருந்து ஆள்கள் சென்றனர். அக்காலத்தில் புதுச்சேரியில் கப்பல் அணையத்தக்க துறைமுகம் இல்லாமையால் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆள்களையும் சரக்கையும் அலைகடந்து ஏற்றிச் சென்றவை சலங்குகள் எனப்பட்ட, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகளாகும். அவற்றை வலித்தோர் இக்கரையின் மீனவர். திரும்பி வருவோமா என்று அறியாமல் சலங்கில் ஏறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தீவுகளுக்கு, திரும்பும் பயணச்சீட்டையும் உறுதிசெய்துகொண்டு மகிழ்ச்சிக்காகச் செல்வது எத்தகைய மாற்றம் என்பதை மணமக்கள் இருவரும் உணர்ந்திருந்தனர். ரீயூனியனும் மொரீஷியசும் அவர்களுடைய பட்டியலின் முதலிடத்தில் வந்ததற்கு அதுவே காரணம்.

திட்டமிடலில் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது மாதத்தைத் தீர்மானிக்கும் வேலையே. தமிழ்க் குடும்பங்கள் முகூர்த்த நாளை முதலில் குறித்துவிட்டு, அதற்கு அடுத்த வாரத்தில் எந்தத் தீவுக்குச் செல்லலாம் என்று தேடுவதே வழக்கம். அவ்வாறு தேடும்போது பஞ்சாங்கமும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் பருவநிலையும் பெரும்பாலும் முரண்படுகின்றன. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். அதிலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களே கடுமையானவை. இங்கு மிகுதியான திருமணங்கள் நடக்கும் தை, மாசி மாதங்கள் அங்கே வெப்பமும் மழையும் புயலும் சேர்ந்த காலமாகும். மறுபுறம், அத்தீவுகளில் மழை குறைந்து இதமான குளிர் நிலவும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் பாதி, நம் ஆடி மாதத்துடன் பொருந்துகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை. புதுமணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கமும் இன்றும் பல குடும்பங்களில் உண்டு.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்ததைக் கண்ட வீட்டார் என்பதால், புயல் பருவத்தில் கிடைக்கும் கட்டணச் சலுகையை அவர்களுள் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதுபோல மொரீஷியசில் ஒன்று முதல் நான்கு வரையிலான எச்சரிக்கை நிலைகள் அறிவிக்கப்படுகின்றன. நிலை உயர உயரப் பேருந்தும் கடைகளும் விமானங்களும் நின்றுவிடும். விடுதிக்குச் சென்றவர் அறைக்குள்ளேயே அடைபட்டிருக்க நேரிடும். தென்னரைக்கோளப் புயல்கள் நம் கடற் புயல்களுக்கு எதிர்த்திசையில், அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கின்றன என்பதைப் படித்தறிந்த மணமகனின் தந்தை, அதனைத் தம் தோழர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்லி மகிழ்ந்தார்.

எனவே அவ்வீட்டார் வழக்கத்தைத் தலைகீழாக்கி, தீவின் பருவத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்குள் அடங்கும் முகூர்த்த மாதங்களை எண்ணினர். வைகாசியும் ஆனியும் தீவுக்கு ஏற்றவை. கிழக்குக் கடலில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கும் என்பதால் வைகாசியில் உறவினர் கூடுவதும் எளிது. ஆயினும், தடைக்காலம் வருவாய் இல்லாத காலமாகவும் இருப்பதால் அவ்விரு மாதங்களிலும் செலவைத் தாங்க இயலாதெனப் பெரியவர்கள் தயங்கினர். ஐப்பசி தீவில் நல்ல பருவத்தின் இறுதியாயினும், அதுவும் கார்த்திகையும் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளத்தால் சென்னை விமான நிலையமே சில நாள்கள் மூடப்பட்டிருந்தது அப்போது எல்லோர் நினைவிலும் பசுமையாக இருந்தது. புரட்டாசியும் மார்கழியும் முகூர்த்தத்துக்கு விலக்கு. எஞ்சியது ஆவணி. ஆகஸ்டின் நடுவிலிருந்து செப்டம்பரின் நடு வரை வரும் அம்மாதத்தில் தீவுகளில் மழை குறைவு, புயல் இல்லை, திமிங்கிலங்கள் தென்கடலிலிருந்து வந்து தங்கும் காலமும் அதுவே. கடல்நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும் என்பது மட்டுமே குறை. சோதிடரிடம் சென்றபோது அவர்கள் ஆவணியில் மட்டும் நாள் கேட்டனர். அவரும் முகங்கோணாமல் குறித்துக் கொடுத்தார்.

மாதத்துக்கு அடுத்தது ஆவணங்கள். இதில் வழிகாட்டியவர் மணமகளின் பாட்டனார். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைப் புதுச்சேரியில் சொல்தா என்று வழங்குவர். அவர் அத்தகையவருள் ஒருவர். 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தபோது, இங்கு பிறந்து இங்கேயே வாழ்ந்தோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தாலன்றி இந்தியராயினர். அத்தேர்வின் விளைவாக ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில், இரு நாட்டுக் குடிமக்கள் வாழும் நிலை இந்நகரில் ஏற்பட்டது. "கடலைப் பாக்கறதுக்கு முன்னாடி காகிதத்தைப் பாருங்க மாப்பிள்ளை" என்று அப்பெரியவர் மணமகனிடம் சொன்னது, இத்தகைய நகரில் பட்டறிவால் விளைந்த அறிவுரை.

காகிதங்கள் பல. பிரெஞ்சுக் குடிமகள் ஒருவர் இந்தியரை இங்கே மணக்க வேண்டுமாயின், திருமணத்துக்கு முன்பே பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்து, திருமண அறிவிப்பு பத்து நாள்கள் ஒட்டப்பட்டு, மறுப்பு எதுவும் வராதபின் திருமணத் தகுதிச் சான்று பெறவேண்டும். திருமணம் நகராட்சியில் பதிவான பிறகு, அதனைத் தூதரகப் பதிவேட்டிலும் ஏற்றி, குடும்பப் பதிவுப் புத்தகம் ஒன்றைப் பெறவேண்டும். இப்பதிவு முடியும்வரை, பிரெஞ்சுக் குடிமகளின் கணவர் என்ற தகுதியில் இந்தியர் ஒருவர் விசா கோர இயலாது. இதனால்தான் ரீயூனியன் அவர்களுடைய கைவிட்டுப் போயிற்று. 1946 முதல் அத்தீவு பிரான்சின் ஒரு மாவட்டமே. மணமகளுக்கு அது தாய்நாடு. எனினும், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாப் பகுதிக்குள் அது அடங்காமையால், மணமகன் அத்தீவுக்கெனத் தனி அனுமதி பெற்றாக வேண்டியிருந்தது. திருமணம் முடிந்த மறுவாரமே புறப்பட விரும்பியோருக்கு அக்கால அளவு போதவில்லை. மணமகள் அதற்காக வருந்தினார். எரிமலையையும், மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த பித்தோன் தெ நேஜ் சிகரத்தையும், சேந்தந்த்ரே ஊரின் தமிழர் கோயில்களையும் காணவேண்டுமென்பது அவரது நெடுநாள் விருப்பம்.

மொரீஷியசோ இந்தியக் கடவுச்சீட்டுக்கும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கும் முன்கூட்டிய விசா கேட்பதில்லை. இருப்பினும் அங்கு செல்வதைக் காட்டிலும் திரும்பி வருவதிலேயே மணமகளுக்குச் சிக்கல் இருந்தது. பிறந்த ஊருக்கே அயல்நாட்டினராகத் திரும்பும் அவருக்கு இந்தியா அனுமதி தரவேண்டும். அவரிடம் இருந்த இந்திய வம்சாவளியினர் அட்டை, 2015 ஜனவரியில் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைத் திட்டத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. பழைய அட்டையைக் கொண்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்வதைவிட, முன்னரே மாற்றிக்கொள்வதே தக்கது என முடிவுசெய்து மாற்றிக்கொண்டார். பெயர்களிலும் கவனம் தேவைப்பட்டது. தமிழர் பெயரின் முன்னெழுத்து கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிந்து குடும்பப்பெயர் இடத்தில் நிற்கும். பிரெஞ்சு ஆவணங்களிலோ பெண்ணின் பிறப்புவழிக் குடும்பப்பெயர் மணத்துக்குப் பின்னும் அப்படியே நிற்கும். விமானச்சீட்டு, விடுதிப் பதிவு, திருமணச் சான்று ஆகிய மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி மணமக்கள் சரிபார்த்தனர். இவ்விடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லலாம்: மொரீஷியசின் பல விடுதிகள் புதுமணத் தம்பதியருக்கு அளிக்கும் கட்டணக் குறைப்பு, திருமணச் சான்றின் படியை நேரில் காட்டினால்தான் கிடைக்கும், அழைப்பிதழும் தாலியும் அங்கே சான்றாகா.

வேறு தீவுகளும் பேச்சில் இடம்பெற்றன. நீர்மேல் கால்நட்டு நிற்கும் குடில்களைக் கண்டு முதலில் மாலத்தீவை நாடியவர் மணமகளே. அவ்வகைக் குடில்கள் 1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சுப் பொலினேசியாவில், ராயாத்தேயா தீவில், மூன்று அமெரிக்கர்களால் முதன்முதலில் விடுதிக்கெனக் கட்டப்பட்டவை. போரா போரா உள்ளிட்ட அத்தீவுகளும் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டவையே. ஆயினும், லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகச் சென்றால் இறங்காமல் கடந்துபோவதற்கும் மணமகன் அமெரிக்க விசா பெறவேண்டும் என்பதால் அவ்வெண்ணம் ஒரே மாலையில் கைவிடப்பட்டது. மாலத்தீவு அண்மையிலுள்ளது, இந்தியருக்கு வந்திறங்கியதும் இலவச அனுமதி தருவது, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் 1972 முதல் தனிமையை வளர்த்துவந்திருப்பது. எனினும் கடல்விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலே வந்தடைவோர் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். ஆவணி அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். அவற்றினும் மேலாக, 2016ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் கடல் வெப்பமடைந்து, பவளத்தினுள் வாழும் நுண்பாசிகள் வெளியேறிவிட, மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின என்ற செய்தி வந்தது. மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்த மணமகனுக்கு அச்செய்தி பெருந்துயரம் தந்தது. தை அல்லது மாசியில் மணம் முடிப்போருக்கு மாலத்தீவே பொருத்தமானது, அம்மாதங்கள் அங்கே வறண்ட காலம் என்பதை மட்டும் இங்கே குறித்து மேலே செல்லலாம்.

மொரீஷியஸ் என்று முடிவானபின் எந்தக் கரை என்ற கேள்வி எழுந்தது. தென்கிழக்குக் காற்று ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வலுவாக வீசுவதால், பெல் மார் போன்ற கிழக்குக் கரைகளில் அழகிய நெடுமணல் இருந்தும் அக்காலத்தில் காற்று மிகுதி. நடுவிலுள்ள மலைகள் அக்காற்றைத் தடுப்பதால் மேற்கே ஃபிளிக் ஆங் ஃபிளாக் பகுதி வறண்டும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். விளம்பரங்கள் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. காற்றின் திசையை நாள்தோறும் பார்த்து வாழும் குடும்பம் என்பதால் மணமகனின் தந்தையே வரைபடத்தில் கைவைத்து மேற்குக் கரையைச் சுட்டினார். உணவுத் திட்டம் பற்றியும் பேச்சு நடந்தது. காலையும் இரவும் விடுதியிலேயே உண்பது அரைத்திட்டம் என்றும், மது உட்பட அனைத்தும் கட்டணத்தில் அடங்குவது முழுத்திட்டம் என்றும் பயண முகவர் விளக்கினார். விடுதிக்குள்ளேயே அடங்கிக் கிடக்க விரும்பாதவர்கள் என்பதால் அரைத்திட்டமே தேர்ந்தனர். பகலுணவை வெளியில் கண்டுகொள்ளும் அத்தேர்வு மிகச் சரியானதென்று பின்னர் தெளிந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை சென்று விமானம் ஏறிய பயணத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. சென்று சேர்ந்தபின் மணமக்கள் எழுதியவற்றில் சில செய்திகள் குருசுக்குப்பத்து வீட்டில் நெடுநாள் பேசப்பட்டன. அந்நாட்டுப் பணத்தாளில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ் எழுத்து இருப்பதையும், நூறு ரூபாய்த் தாளில் தமிழ் வழிவந்த அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் உருவம் இருப்பதையும் கண்டு, அத்தாளைப் படமெடுத்து அனுப்பினர். 1998இல் புதிய தாள்களில் தமிழின் இடம் பின்தள்ளப்பட்டபோது அங்குள்ள தமிழர் எதிர்த்ததால் அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன என்ற செய்தியை அறிந்த சொல்தா தாத்தா, ஒரு படைவெற்றியைக் கேட்டதுபோல் பெருமிதம் கொண்டார். போர்ட் லூயித் துறைமுகத்துக்கு எதிரே லா பூர்தொனேயின் சிலை நிற்பதையும், அதற்கு அருகே ஆப்ரவாசி காட் என்ற, கூலிகள் கரையிறங்கிய படிக்கட்டுகள் காக்கப்படுவதையும் இருவரும் கண்டனர். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் இறங்கிய அவ்விடத்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தேனிலவுக்குச் சென்றவர்கள் ஒரு முற்பகலை அப்படிக்கட்டுகளுக்கு ஒதுக்கியதைச் சிலர் விந்தையாகக் கருதலாம். சலங்கு வலித்தோரின் பேரன் அங்கே நிற்காமல் திரும்பியிருந்தால் அதுவே விந்தை.

எல்லாவற்றினும் மேலாக மணமகன் எழுதியது கடற்கரை பற்றியே. மொரீஷியசில் கடற்கரை பொதுச்சொத்து. எவ்வளவு பெரிய விடுதியாயினும் அதன் முன்னுள்ள மணலில் மீனவரும் ஊராரும் நடக்கவும் அமரவும் உரிமையுடையோர். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் சவுக்கு மர நிழலில் சமைத்த உணவுடன் வந்து அமர்வதையும், அங்கு பழக்கமான ஒரு தமிழ்க் குடும்பம் வாழையிலையில் ஏழு கறி பரிமாறித் தங்களை உபசரித்ததையும் அவர் விரிவாக எழுதியிருந்தார். அக்கடிதத்தை ஆயாவுக்கு இருமுறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. பவளத்திட்டில் அலை முறிவதையும் உட்கடல் அசையாமல் கிடப்பதையும் கேட்டவர், அங்கே கட்டுமரம் தள்ளுவது எளிதாக இருக்கும் என்று தீர்ப்புரைத்தார்.

அத்தகைய கரையும் அழியாதது அன்று. 2020 ஜூலையில் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் மொரீஷியசின் தென்கிழக்குப் பவளத்திட்டில் மோதி, ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கசிந்தபோது, ஊர்மக்கள் கரும்புச் சருகைத் துணியில் அடைத்து மிதவைகள் தைத்து எண்ணெயைத் தடுத்தனர். அப்படங்களைக் குருசுக்குப்பத்து வீட்டில் எல்லோரும் கலங்கிப் பார்த்தனர். தாம் சென்று கண்ட நாடு என்பது மட்டும் அதற்குக் காரணமன்று, கரையை இழப்பது என்னவென்று அவ்வீட்டார் அறிந்திருந்தனர்.

புதுச்சேரியிலும் முயற்சி நடவாமலில்லை. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2018இல் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுக் கட்டமைப்பை மூழ்கவைத்து அலையின் வேகத்தைத் தணித்தது. அதன்பின் நகரக் கடற்கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அங்கு விளையாடியோர் தம் பேரப்பிள்ளைகளுடன் அம்மணலில் இறங்கினர். பவளத்திட்டு மொரீஷியசில் செய்வதை ஓரளவுக்கேனும் இங்கும் செய்யலாம் என்பதற்கு அது நேரடிச் சான்று.

திருமண நாள் குறிக்கச் செல்லும் குடும்பங்கள், தீவுப் பயணம் மனத்தில் இருக்குமாயின், பஞ்சாங்கத்துடன் அத்தீவின் பருவக் குறிப்பையும் எடுத்துச் செல்லட்டும். இரு நாட்டுக் குடியுரிமை கலந்த மணமாயின், தூதரக விண்ணப்பத்தை மண்டபம் பதிவுசெய்வதற்கும் முன்பே தொடங்கட்டும். ஆட்சியாளரிடம் வைக்கவேண்டிய வேண்டுகோள் ஒன்றும் உண்டு. துறைமுக வாயிலில் தேங்கும் மணலை வடக்கே செலுத்தும் வேலை, நகரக் கடற்கரை உலாச்சாலையோடு நின்றுவிடாமல் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர்க் கரைகள் வரை ஆண்டுதோறும் தவறாமல் நடைபெற வேண்டும். படகு ஏற்றும் மக்களுக்கே மணல் முதலில் தேவைப்படுகிறது.